இளங்கொடி விழாத மாட்டுக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது

மாடு கன்று போட்டதும், கன்றைத் துடைப்பதற்கும் முன்னால் நான் செய்யும் வேலை மணி பார்ப்பது. கொட்டில் கப்பில், அதாவது தூணில், கரித்துண்டால் நேரத்தை எழுதிவிடுவேன். கைத்தொலைபேசியிலும் குறிக்கலாம்தான். ஆனால் விடிய நான் பால் சங்கத்துக்குப் போய்விட்டால், வீட்டில் நிற்கிறவர் யாராக இருந்தாலும் கப்பைப் பார்த்தால் விஷயம் விளங்கும். இளங்கொடி (தமிழ்நாட்டார் சொல்லும் நஞ்சுக்கொடி) விழப் பிந்திவிட்டதா, இன்னும் பொறுக்கலாமா, மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டுமா என்ற கேள்விகள் எல்லாம் அந்த நேரத்தை வைத்துத்தான் வரும். "ராத்திரி எப்பவோ போட்டது" என்று சொன்னால் வைத்தியருக்கும் கை கட்டினமாதிரித்தான்.

நான் யாழ்ப்பாணத்து நீர்வேலியில் இருக்கிறேன். வாழைத்தோட்டமும் மாடும் எங்களுக்கு ஐயா காலத்திலிருந்தே ஒன்றாக வந்த தொழில். இப்போது கொட்டிலில் நிற்பவை எல்லாம் ஜேர்சிக் கலப்பு. நான் வைத்தியர் அல்ல, மாடு வளர்க்கிறவள். மருந்தைப் பற்றிக் கீழே எழுதுவது வைத்தியர்களிடம் கேட்டும், அவர்கள் பக்கத்தில் வாளி பிடித்து நின்றும் அறிந்தது. ஊசி மருந்தின் அளவு எதையும் எழுதப்போவதில்லை. அது மாட்டைப் பார்த்தவர் முடிவு செய்ய வேண்டியது.

எவ்வளவு நேரம் பொறுப்பது

இளங்கொடி சாதாரணமாகக் கன்று விழுந்து 3 முதல் 8 மணித்தியாலத்துக்குள் தானாக விழுந்துவிடும். 12 மணித்தியாலம் தாண்டியும் விழாவிட்டால் தங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கறவை மாடுகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இப்படி ஆகும் என்பது பொதுவான கணக்கு. இரட்டைக் கன்று, குறைமாதக் கன்று, செத்துப் பிறந்த கன்று, ஆட்கள் சேர்ந்து இழுத்து எடுத்த கன்று என்றால் இன்னும் கூடும்.

அது ஏன் விழாமல் நிற்கிறது என்று விளங்கிக்கொண்டால், செய்யக்கூடாதவை பாதி தானாகவே தெரிந்துவிடும். மாட்டின் கருப்பைச் சுவரில் 70 முதல் 120 வரை சின்னச் சின்ன மேடுகள் உண்டு. இளங்கொடி அந்த ஒவ்வொரு மேட்டிலும் சட்டைப் பொத்தான் மாட்டினதுபோல் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். கன்று வெளியே வந்ததும் கொடிக்குள் இரத்த ஓட்டம் நின்றுவிடும், கருப்பை சுருங்கும். அது போதாது. மாட்டின் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் "இது என் உடம்பு இல்லை, கன்றின் உடம்பு" என்று கண்டுபிடித்து, ஒட்டிய இடத்தைக் கரைத்துவிட வேண்டும். கொடி விழாத மாடுகளில் பெரும்பாலும் இந்த வெள்ளணுக்களின் வேலைதான் பிசகியிருக்கும். அந்தப் பிசகும் கன்று போட்ட அன்று தொடங்குவதில்லை, அதற்கு ஒரு கிழமை இரண்டு கிழமை முன்னாலேயே தொடங்கிவிடும்.

ஆகவே, உள்ளே ஒட்டிக் கிடப்பதைப் பலத்தால் இழுத்து என்ன பயன்? பொத்தான் கழராது. துணிதான் கிழியும்.

முதல் சில மணித்தியாலம்

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு: இளங்கொடி விழாமல் கன்றை மடியில் விடக்கூடாது, விட்டால் கன்றுக்கு வயிற்றாலை போகும், மாட்டுக்கும் ஆகாது என்று. என் மாமியார் இருந்தவரை இதில் என்னோடு ஒத்துப்போகவே இல்லை. ஆனால் விஷயம் நேர் எதிர். கன்று முலையை முட்டி உறிஞ்சும்போது மாட்டின் உடம்பில் ஒக்சிரோசின் என்ற சுரப்பு ஊறும். அதுதான் பாலையும் இறக்கும், கருப்பையையும் சுருக்கும். கொடி விழுவதற்காகக் கன்றைக் கட்டி வைக்கிறவர், கொடி விழ உதவுகிற ஒருவரை வாசலில் மறித்து வைக்கிறார்.

கன்றின் பக்கத்தாலும் இது நட்டம். மாட்டுக் கன்று நோய் எதிர்ப்பு ஒன்றும் இல்லாமல்தான் பிறக்கிறது. கன்று போட்டதும் முதலில் வரும் கடும்புப் பாலில்தான் (சீம்பால்) அது கிடைக்கும். கன்றின் குடல் அதை முழுதாக உறிஞ்சுவது முதல் சில மணித்தியாலம் மட்டும், ஒரு நாள் போனால் அந்தக் கதவு மூடிவிடும். அதனால் மடியைச் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து, முதல் இரண்டு பீச்சலைக் கீழே விட்டுவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் கன்றைக் குடிக்க விடுங்கள். முதல் நாளில் கன்றின் நிறையில் பத்தில் ஒரு பங்கு கடும்பு உள்ளே போக வேண்டும். 25 கிலோக் கன்றுக்கு இரண்டரை லீற்றர். கடும்பு காய்ச்சி அயலுக்குக் கொடுப்பது நல்ல வழக்கம்தான், கன்றின் பங்கு போன பிறகு கொடுங்கள்.

மாட்டுக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு வாளி. கொஞ்சம் உப்பும் ஒரு பிடி சர்க்கரையும் கரைத்து வைத்தால் ஆவலாகக் குடிக்கும். பிறகு நல்ல பச்சைப் புல். மாட்டை எழுப்பி முற்றத்தில் கொஞ்சம் நடக்க விடுங்கள். சனங்கள் வந்து கூடி நின்று பார்ப்பதைக் குறையுங்கள், நாயைக் கட்டுங்கள். வெருண்ட மாட்டுக்கு ஒக்சிரோசின் சரியாக வேலை செய்யாது.

மூங்கில் இலை கொடுப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் கன்று போட்ட இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு முழு முள்ளங்கியும், எட்டு மணித்தியாலம் கழிந்தும் கொடி விழாவிட்டால் ஒன்றரைக் கிலோ வெண்டிக்காயைச் சர்க்கரையும் உப்பும் போட்டு வேகவைத்தும் கொடுக்கிறார்கள். தின்னக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வெண்டிக்காய் கொடுத்துவிட்டோம் என்று வைத்தியரைக் கூப்பிடாமல் இருக்காதீர்கள். போத்தலால் எண்ணெயோ கசாயமோ பருக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். களைத்த மாட்டுக்கு அது சுவாசப்பைக்குள் போனால் கொடியைவிடப் பெரிய ஆபத்து.

விழுந்ததா, தின்றுவிட்டதா

இரவில் கன்று போட்ட மாட்டில் இது அடிக்கடி வரும் குழப்பம். விடிய வந்து பார்த்தால் பின்னால் ஒன்றும் தொங்கவில்லை, கீழேயும் ஒன்றும் இல்லை. மாடே தின்றிருக்கலாம். நாய் கொண்டுபோயிருக்கலாம். ஒன்றும் வெளியே தெரியாமல் முழுக் கொடியும் உள்ளேயே கிடக்கவும் கூடும். வாயைச் சுற்றி இரத்தக் கறை, வேலிப்பக்கம் இழுபட்ட அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, கீழே நான் சொல்லும் காய்ச்சல் பார்க்கும் வேலையைத் தொடங்குங்கள்.

கொடி கண்ணுக்கு முன் விழுந்தால் உடனே தூக்கி எறியாமல், கையுறை போட்டுக்கொண்டு ஒரு சாக்கின் மேல் விரித்துப் பாருங்கள். நீளமான பை ஒரு பக்கம், அதைவிடக் குட்டையான பை மறுபக்கம் என்று இரண்டு கொம்பாக இருக்கும். கன்று கிடந்தது நீளக் கொம்பில். இரண்டு கொம்பின் நுனியும் மூடியிருந்தால் முழுதாக வந்துவிட்டது. நுனி ஒன்று கிழிந்து பிசிறாக இருந்தால் அந்தத் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

கையை உள்ளே விடாதீர்கள், பாரமும் கட்டாதீர்கள்

"அக்கா, சிவப்பிக்கு இளங்கொடி இன்னும் விழேல்லை, செருப்பு ஒண்டு கட்டி விடட்டே?" என்று பக்கத்து ஒழுங்கைத் தம்பி ஒருவன் கேட்டான். பழைய செருப்பு, சிரட்டை, அரைச் செங்கல் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாரம் உண்டு. "கட்டாதை தம்பி. தொங்கிறதை வெட்டிப்போட்டு மாட்டைப் பார், கொடியைப் பாராதை" என்றேன்.

பாரம் கட்டினால் தொங்கும் பகுதி அறுந்து விழும், மிச்சம் உள்ளே போய்விடும். அல்லது மாடு முக்கி முக்கிக் கருப்பையையே வெளியே தள்ளிவிடும். கையை விட்டு ஒவ்வொன்றாகக் கழற்றுவது இன்னும் மோசம். இரண்டாம் நாள் கருப்பைச் சுவர் புண்ணாகவும் மென்மையாகவும் இருக்கும். விரல் பட்ட இடமெல்லாம் இரத்தம் கசியும், அந்தக் காயத்தால் கிருமி நேரே இரத்தத்துக்குள் போகும். கழற்றினவர் "எல்லாம் வந்திட்டுது" என்பார். மேடுகளோடு ஒட்டின சிறு துண்டுகள் அங்கேதான் கிடக்கும்.

எங்கள் ஊரில் கொடி எடுப்பதில் கைகாரர் என்று பெயர் வாங்கிய ஒருவர் இருந்தார். முழங்கை வரை தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு வருவார், எடுத்தும் காட்டுவார், சனங்களுக்குத் திருப்தி. அவர் கை வைத்த எனக்குத் தெரிந்த ஒரு மாடு அடுத்த நாளே காய்ச்சலில் விழுந்து, பால் வற்றி, பிறகு காளை விந்து ஏற்றும் சினை ஊசி எத்தனை முறை போட்டும் சினை பிடிக்காமல் இறைச்சிக்குப் போனது. கொடி வெளியே வந்ததைக் கண்டவர்கள் மாடு போனதை அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

வைத்தியரே வந்தாலும் "ஏன் எடுக்கவில்லை, காசு வாங்கிக்கொண்டு சும்மா போகிறார்" என்று முணுமுணுக்காதீர்கள். மெல்லப் பிடித்துப் பார்த்துத் தானாக வராவிட்டால் விட்டுவிடுகிற வைத்தியர்தான் நல்ல வைத்தியர்.

அப்படியானால் என்ன செய்வது

தொங்குவதை வெட்டுங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவிய கத்தரிக்கோலால், பின்னங்கால் மூட்டுக்கு மேலே, பிறப்பு வாசலிலிருந்து ஒரு சாணுக்குக் குறையாமல் விட்டு வெட்டினால் போதும். அடியோடு வெட்டினால் துண்டு உள்ளே இழுபட்டுவிடும். நீளமாக விட்டால் மாடு படுக்கும்போது சாணியில் புரண்டு, அந்த அழுக்கே திரும்ப உள்ளே ஏறும்.

வாலையும் பின்பக்கத்தையும் காலையும் பின்னேரமும் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் கழுவுங்கள். வெளிப்பக்கம் மட்டும். குழாயை உள்ளே விட்டு எதையும் அடிக்க வேண்டாம். கழுவித் துடைத்த பிறகு சுற்றிவர வேப்பெண்ணெய் பூசினால் இலையான் மொய்ப்பது குறையும். எங்கள் வெயிலில் இதை விட்டால் புழு வைத்துவிடும்.

அடுத்தது தேர்மோமீற்றர். பாமசியில் மனிதருக்கு வாங்கும் டிஜிற்றல் ஒன்று போதும், மாட்டுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பின்முனையில் நூல் கட்டி, நூலின் மறுநுனியில் உடுப்புக் கிளிப் ஒன்றைக் கட்டி வால் மயிரில் கொழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் மாடு சாணி போடும்போது அதுவும் சேர்ந்து போகும். நுனியில் எண்ணெய் தடவி மலவாசலில் வைக்கும்போது நேரே குத்தாமல் கொஞ்சம் சரித்து, குடல் சுவரோடு ஒட்ட வையுங்கள். சாணிக்குள் குத்தி நின்றால் குறைவாகத்தான் காட்டும். விடியற்காலையில் பார்ப்பது நல்லது. சித்திரை வைகாசி மத்தியானத்தில் சுகமான மாடும் சூடு கூடித்தான் நிற்கும்.

மாட்டின் சாதாரணச் சூடு 38 முதல் 39.3 பாகை செல்சியஸ். பழைய பரனைற் அளவில் 101.5 பாகைக்கு அங்கே இங்கே. 39.5 தாண்டினால், அதாவது 103 பாகைக்கு மேல் போனால், அன்றைக்கே வைத்தியர். கன்று போட்ட நாளிலிருந்து பத்து நாள் வரை தினமும் காலையில் பாருங்கள். சூட்டோடு இன்னும் மூன்றைக் கவனியுங்கள்: தீனி எடுக்கிறதா, பால் நேற்றைய அளவுக்கு இருக்கிறதா, பின்னால் வடிவது என்ன நிறம். கடுஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ, நாற்றம் இல்லாமல் கொழகொழவென்று வடிந்தால் அது எல்லா மாட்டுக்கும் இரண்டு கிழமை வரை வருவதுதான். தண்ணீர்போல் மெல்லிசாக, சிவப்பும் பழுப்பும் கலந்து, கொட்டில் வாசலிலேயே மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு வடிந்தால் கருப்பை அழற்சி.

கொடி உள்ளே அழுகும்போது நாற்றம் வரத்தான் செய்யும். தீனி எடுத்துக்கொண்டு, காய்ச்சல் இல்லாமல், கண் பளிச்சென்று நிற்கிற மாட்டுக்கு நாற்றத்தை மட்டும் பார்த்து மருந்து கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் 4 முதல் 10 நாளுக்குள் கொடி தானாகக் கழன்று விழுந்துவிடும். நாற்றத்தைப் பொறுப்பதுதான் இதில் கஷ்டமான வேலை, அயலவர் வாயைப் பொறுப்பது அதைவிடக் கஷ்டம்.

காய்ச்சல் வந்தால் கதை வேறு. வைத்தியர் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடுவார், அது இரத்தத்தில் போய் வேலை செய்ய வேண்டும். சொன்ன நாள் முழுவதும் போடுங்கள், இரண்டாம் நாள் மாடு தின்னத் தொடங்கியதும் நிறுத்தாதீர்கள். கருப்பைக்குள் குளிசை வைப்பது எங்கள் பக்கத்தில் இன்னும் பரவலாக இருக்கிறது, அதனால் பெரிய நன்மை இல்லை என்பதே இப்போதைய வைத்தியர்கள் பலரின் கருத்து. ஒக்சிரோசின் ஊசிக்கும் ஒரு காலம் உண்டு. கன்று போட்ட ஆரம்பத்தில், கருப்பை அதற்கு அசையும் நிலையில் இருக்கும்போது போட்டால் கேட்கும். இரண்டாம் மூன்றாம் நாள் போட்டுப் பலன் எதிர்பார்க்க முடியாது.

ஊசி போட்டால் எத்தனை நாள் பால் விடக்கூடாது என்று வைத்தியரிடமே கேட்டு எழுதி வையுங்கள். மருந்துக்கு மருந்து அது மாறும். அந்தப் பாலைச் சங்கத்துக்கும் கொடுக்காதீர்கள், வீட்டுத் தேநீருக்கும் எடுக்காதீர்கள். உங்கள் ஒரு போத்தல் பால் எல்லாருடைய பாலோடும் ஒரே கொள்கலனில் கலக்கிறது.

பொறுக்கக்கூடாத இரண்டு

கன்று போட்ட மாடு எழும்ப முடியாமல் படுத்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்து வைத்து, காது குளிர்ந்து கிடந்தால் அது கல்சியக் குறைவு. ஜேர்சிக் கலப்பில், அதுவும் மூன்றாம் ஈற்றுக்குப் பிறகு, அதிகம் வரும். கொடி விழாமல் நிற்பதற்கும் இது ஒரு காரணம், கல்சியம் இல்லாமல் கருப்பைத் தசை சுருங்காது. வைத்தியர் நரம்பில் கல்சியம் ஏற்றினால் பல மாடுகள் அந்த இடத்திலேயே எழும்பிவிடும், பிந்தினால் செத்துவிடும்.

மற்றது, கொடிக்குப் பதிலாகச் சிவப்பாக ஒரு பெரிய உருண்டை முழுவதும் மேடு மேடாக வெளியே வந்து தொங்குவது. அது கருப்பை. சுத்தமான ஈரச் சீலையால் மூடிப் பிடித்துக்கொண்டு வைத்தியரை உடனே வரச் சொல்லுங்கள். அதை வெட்டவோ இழுக்கவோ கூடாது.

கன்று அழிந்து கொடி தங்கினால்

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, நிறை மாதத்துக்கு முன்னால் கன்று அழிந்து விழுந்து, அதோடு கொடியும் தங்கினால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் புரூசெல்லா என்ற கிருமி நோய். இது மனிதருக்கும் தொற்றும். விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி, மாதக்கணக்கில் களைப்பு. அப்படிப்பட்ட கொடியையும் கன்றையும் வெறும் கையால் தொடக்கூடாது. கர்ப்பிணிப் பெண்களைக் கொட்டில் பக்கமே விடாதீர்கள். மாட்டை மற்ற மாடுகளிலிருந்து பிரித்துக் கட்டி, இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லி அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். முடிவு வரும் முன் அந்த மாட்டை இன்னொருவர் தலையில் கட்டுவது பாவம். இளம் நாகுக் கன்றுகளுக்கு, அதாவது இன்னும் ஈனாத பெட்டைக் கன்றுகளுக்கு, இதற்கு ஒரு தடுப்பூசி உண்டு, சின்ன வயதிலேயே போட வேண்டும், அலுவலகத்தில் கேளுங்கள்.

விழுந்த கொடியை எங்கே போடுவது

பழைய சாக்கிலோ பனையோலை உமலிலோ கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது எங்கள் முறை. பால் மரத்தில் தொங்கினால் மாட்டுக்குப் பால் ஊறும் என்று சொல்வார்கள். நாய் எட்டாத உயரத்தில் கட்டினார்கள் பாருங்கள், அந்த அளவில் அதில் ஒரு புத்தி இருந்தது. நாய்க்கும் மாட்டுக்கும் நடுவில் சுற்றித் திரியும் ஒரு ஒட்டுண்ணி உண்டு. கொடியைத் தின்ற நாய் வழியாக அது மாட்டுத் தீனிக்கு வந்து, கன்று அழியக் காரணமாகலாம். ஆனால் இப்போது சாக்கு உக்கி விழுந்து, காகம் கொத்தி, கீழே நாய் காத்திருக்கிறது. நான் தோட்டத்து மூலையில் இடுப்பளவு கிடங்கு வெட்டி, நீறு போட்டு, மண் மூடி, மேலே ஒரு கல்லும் வைத்துவிடுவேன். கிணற்றுக்குத் தூரமாக வெட்டுங்கள். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது எல்லாம் சீக்கிரம் கிணற்றுக்குப் போய்விடும்.

தடுக்கும் வேலை இரண்டு மாதம் முன்னாலே

வருத்தம் வந்த பின் செய்யக்கூடியது கொஞ்சம்தான் என்பது இவ்வளவும் வாசித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளணுக்களின் பிசகு கன்று போட முன்னாலேயே தொடங்குவதால், கவனமும் அங்கேதான் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் எனக்குப் பயம் ஆவணி, புரட்டாதியில் கன்று போடும் மாடுகளைப் பற்றித்தான். வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று வீசி மண் காய்ந்துவிடும். தரவையில் புல் இல்லை. மாசி, பங்குனியில் வாங்கி அடுக்கிய வைக்கல், கிழித்த பனையோலை, வாழைக்குற்றி என்று மாடு காலம் தள்ளும். வைக்கல் வயிற்றை நிரப்பும், ஆனால் காய்ந்து மாதக்கணக்கில் கிடந்த தீனியில் விற்றமின் ஏயும் ஈயும் மிஞ்சாது. வாழைக்குற்றியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். வெள்ளணு வேலை செய்ய விற்றமின் ஈயும் செலனியமும் வேண்டும். அவை பச்சை இலையும் தாதுக்கலவையும் கண்ட மாட்டுக்குத்தான் கிடைக்கும். என் கொட்டிலில் கொடி பிந்திய மாடுகளை நினைத்துப் பார்த்தால், பெரும்பாலானவை மழை வருமுன் போட்டவை.

அதனால் சினை ஊசி போட்ட அட்டையை எடுத்து 280 நாள் கணக்குப் போடுங்கள், கிட்டத்தட்ட ஒன்பது மாதமும் பத்து நாளும். அது வறட்சிக்குள் விழுந்தால், கிணற்றுத் தண்ணீர் பாயும் வாழை வரம்பிலாவது கோ-3 புல் கொஞ்சம் நட்டு வையுங்கள். நாளுக்கு ஒரு கட்டுப் பச்சை கடைசி இரண்டு மாதமும் போனால் பெரிய வித்தியாசம்.

அந்த இரண்டு மாதமும் பால் கறப்பதை நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ரெண்டு போத்தல் வருகுதே" என்ற ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். மாட்டின் உடம்பும் அளவாக இருக்க வேண்டும். விலாவைக் கையால் தடவினால் எலும்பு விரலுக்குப் பட வேண்டும், ஆனால் தூரத்தில் நின்று எண்ணக்கூடியதாக இருக்கக்கூடாது. வாலடியில் கொழுப்புத் திரண்ட மாடும் ஆபத்துத்தான், மெலிந்த மாட்டைவிடக் குறைந்த ஆபத்து இல்லை. கறவை நின்ற மாட்டுக்குப் புண்ணாக்கை அள்ளிக் கொட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கல்சியத்தைப் பற்றி ஒரு பிழையான கணக்கு ஊரில் ஓடுகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், அதைக் குடிக்கிற மாட்டுக்குக் கல்சியம் குறையாது என்று. கல்சியம் தீனியில் இல்லாததால் மாடு விழுவதில்லை. கன்று போட்டதும் கடும்புக்கு ஒரேயடியாகக் கல்சியம் இறங்கும்போது, எலும்பிலிருந்து அதை எடுக்கும் பழக்கம் உடம்புக்கு இல்லாததால்தான் விழுகிறது. கடைசி மாதத்தில் கல்சியத்தை அள்ளிக் கொடுத்தால் உடம்பு அந்தப் பழக்கத்தையே மறந்துவிடும். ஆகவே கல்சியம் கூடிய சீமைக்கிளுவை, அகத்தி போன்ற குழைகளைக் கடைசி மூன்று கிழமை குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். கல்சியப் போத்தலும் அந்த நேரத்தில் வேண்டாம். கன்று போட்ட பிறகு குழை தாராளமாகப் போடலாம்.

விற்றமின் ஈயும் செலனியமும் சேர்ந்த ஊசி ஒன்று உண்டு. கன்று போட மூன்று கிழமை அளவில் போடுவது வழக்கம். முன்பு கொடி தங்கிய மாடு, வறட்சியில் போடும் மாடு, இரட்டைக் கன்று என்று சந்தேகப்படும் மாடு இவற்றுக்காவது வைத்தியரிடம் கேளுங்கள். செலனியம் கூடினால் நஞ்சு. ஊசியும் போட்டு, தாதுக்கலவையையும் இரட்டிப்பாக அள்ளிப் போடாதீர்கள்.

வெக்கை இன்னொரு காரணம். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் நிற்கும் மாடு மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். கூரைக்கு மேலே கிடுகு பரப்பினாலே சூடு குறையும். இல்லாவிட்டால் பூவரசுக்குக் கீழே மாற்றிக் கட்டுங்கள். தண்ணீர் எந்த நேரமும் முன்னால் இருக்க வேண்டும், இரண்டு நேரம் வாளி வைப்பது போதாது.

கன்று போடும் இடம் சாணி அள்ளிக் காய்ந்த வைக்கல் பரப்பியதாக இருக்கட்டும். கால் தெரிந்தவுடன் கயிறு போட்டு இழுக்கத் தொடங்காதீர்கள். பனிக்குடம் உடைந்து இரண்டு மணித்தியாலம் ஆகியும் ஒரு முன்னேற்றமும் இல்லையென்றால் அப்போது வைத்தியர். முதல் ஈற்று நாகுக்குச் சினை ஊசி போடும்போதே பெரிய பிரீசியன் இனம் வேண்டாம், ஜேர்சி போடுங்கள் என்று கேளுங்கள். கன்று சின்னதாக இருந்தால் இழுக்க வேண்டிய தேவையும் குறையும்.

திரும்பச் சினை ஊசி போடுவது எப்போது

கொடி தங்கிய மாட்டுக்கு அவசரப்பட்டுச் சினை ஊசி போடுவது காசைக் கரியாக்குகிற வேலை. ஒரு மாதம் கழித்து வைத்தியரைக் கொண்டு கருப்பையைப் பார்ப்பியுங்கள். மூன்று கிழமைக்குப் பிறகும் வெள்ளையாகச் சீழ் வடிந்தால் உள்ளே இன்னும் புண் ஆறவில்லை, அதற்கு மருந்து வேறு. இரண்டு மாதமாவது போகட்டும். பிறகு மாடு கத்தி வேட்கைக்கு வரும்போது வாலடியில் தொங்கும் சளியை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இழுபட்டால் ஊசிகாரரைக் கூப்பிடலாம். வெள்ளைப் பொட்டு ஒன்று கண்டாலும் அந்த முறையை விட்டுவிட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கள். ஊசி அட்டையின் பின்பக்கத்தில் "கொடி பிந்தியது" என்று மாதத்தோடு எழுதி வையுங்கள். அடுத்த ஈற்றிலும் அந்த மாட்டுக்கு இது வர இடம் உண்டு, விற்றமின் ஊசியைப் பற்றி நீங்கள் கேட்க முன்னால் வைத்தியரே அதை வாசித்துவிடுவார்.